மரங்கொத்திப் பொந்துக்குள் பார்க்க வைஃபை எண்டோஸ்கோப் கேமரா: வாங்கலாமா?

மரங்கொத்திக் கூட்டைக் கவனிப்பவர்களுக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. பறவை வருவதும் போவதும் கண்ணுக்குத் தெரியும். முட்டை எத்தனை, பொரித்ததா, குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றனவா என்பதெல்லாம் மரத்துக்குள் மறைந்து கிடக்கும். வாசல் கிடைமட்டமாக உள்ளே போய், அங்கிருந்து கீழே இறங்குவதால் ஏணி வைத்து ஏறினாலும் அடிப்பகுதி தெரியாது. இதற்காகப் பலரும் இப்போது வாங்குவது, இணையக் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்கும் இரண்டாயிரத்துக்கும் இடையே கிடைக்கும் வைஃபை எண்டோஸ்கோப் கேமரா. மெக்கானிக்குகளும் பிளம்பர்களும் இன்ஜினுக்குள்ளும் குழாய்க்குள்ளும் விட்டுப் பார்க்கும் அதே கருவிதான். பல பெயர்களில் விற்றாலும் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றே என்பதால், தனியொரு பிராண்டை அல்ல, இந்த வகையையே இங்கே மதிப்பிடுகிறேன்.

என் தீர்ப்பு இது: பெட்டியிலிருந்து எடுத்தபடியே மரத்துக்குக் கொண்டு போனால் மங்கலான வெள்ளைப் படம்தான் கிடைக்கும், பறவைக்கும் தொல்லை. வெளிச்சம், வளைவு, கழி மூன்றையும் சரிசெய்துகொண்டால், முட்டையையும் குஞ்சையும் நம்பிக்கையாக எண்ணும் அளவுக்கு வேலை செய்யும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பெட்டியில் ஒரு கேமரா முனை, அதோடு இணைந்த அரை விறைப்பான கேபிள், கைக்கு அடக்கமான ஒரு வைஃபை பெட்டி, கூடவே கொக்கி, காந்தம், சாய்வுக் கண்ணாடி என்று மூன்று சிறு துணைப்பொருள்கள் இருக்கும். அந்த மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முனையில் செருகும் வகை என்பதால் அவை கழன்று விழும். விழுந்தால் முட்டைகளின் மேல்தான் விழும், எடுக்கவும் முடியாது.

முனையின் விட்டம் 5.5 மி.மீ., 8 மி.மீ. என இரண்டு அளவுகளில் பரவலாகக் கிடைக்கிறது. நம் ஊர்த் தோப்புகளில் அதிகம் காணும் பொன்முதுகு மரங்கொத்தியின் பொந்து வாய் ஏறத்தாழ மூன்று அங்குலம் இருக்கும். இடம் தாராளம் என்பதால் மெல்லிய முனைக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. 8 மி.மீ. முனையில் லென்சும் விளக்குகளும் சற்றுப் பெரியவை, படமும் தெளிவு.

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது 1080பி என்ற எண்ணை. அதைப் பார்த்து வாங்காதீர்கள். பார்க்க வேண்டியது குவிய தூரம், அதாவது எவ்வளவு தூரத்தில் உள்ள பொருள் தெளிவாகத் தெரியும் என்பது. மலிவான மாடல்களில் குவியம் நிலையானது. 3 முதல் 10 செ.மீ. வரைதான் துல்லியம் என்று விவரக்குறிப்பில் சிறிய எழுத்தில் இருக்கும். பொந்தின் தரையோ வாசலிலிருந்து அதைவிட வெகு ஆழத்தில் இருக்கிறது. வாசலில் முனையை நிறுத்திக் கீழே பார்த்தால் வெள்ளையாக ஏதோ தெரியும், அவ்வளவுதான். அதற்காக முனையை முட்டைக்கு மிக அருகே இறக்குவதும் ஆபத்து. விவரக்குறிப்பில் குவிய தூரம் 20 செ.மீ.க்கு மேல் போகிற மாடலையோ, தானியங்கிக் குவியம் உள்ளதையோ தேடுங்கள். தானியங்கிக் குவியம் உள்ளவற்றின் முனை கொஞ்சம் தடிமன், விலையும் கூடுதல். இந்த வேலைக்கு அந்தப் பணம் தகும்.

கேபிள் நீளத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மரம் உயரம் என்பதால் 10 மீட்டர் கேபிள் உள்ளதை வாங்குவார்கள். கேபிள் நீள நீள முனைக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் குறையும், விளக்கு மங்கும், படம் விட்டுவிட்டு வரும். கழியோடு பத்து மீட்டர் கேபிளைக் கட்டி இழுப்பதும் தனித் தொந்தரவு. ஒரு மீட்டர் கேபிள் உள்ளதை வாங்கி, வைஃபை பெட்டியையும் சேர்த்துக் கழியின் உச்சியில் கட்டிவிடுங்கள். கீழே கைபேசிக்குச் சிக்னல் காற்றில் வந்துவிடும். பெட்டி கைபேசியைவிட இலேசானது, கழி தாங்கும். யு.எஸ்.பி. வழியாகக் கைபேசியில் நேரடியாகச் செருகும் வகையில் படத் தாமதம் கிடையாது என்பது உண்மை. ஆனால் யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்கு ஐந்து மீட்டர்தான் எல்லை. தலை உயரத்திலேயே பொந்து இருக்கும் பட்டுப்போன மரங்களுக்கு அது போதும், அங்கே அதுதான் நல்லது.

வைஃபை வகையில் படம் அரை விநாடி அளவுக்குப் பிந்தி வரும். திரையைப் பார்த்துக்கொண்டே கழியை அசைப்பவர், படம் நகரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தள்ளுவார். முனை அதற்குள் தரையைத் தொட்டிருக்கும். ஒரு சென்டிமீட்டர் இறக்கு, நிறுத்து, படம் வரட்டும், பிறகு அடுத்த சென்டிமீட்டர் என்ற ஒழுங்கு கைக்குப் பழக வேண்டும். கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் பல ஆண்ட்ராய்டு கைபேசிகள் தாமாகவே டேட்டாவுக்குத் தாவும், முக்கியமான நேரத்தில் படம் நின்றுபோகும். செயலி கேட்கும் அனுமதிகளில் வைஃபையைத் தேட இருப்பிட அனுமதி தேவைப்படலாம். தொடர்பு எண்களுக்கு அனுமதி தரக் காரணமே இல்லை.

வெளிச்சம் அடுத்த சிக்கல். லென்சைச் சுற்றி ஆறோ எட்டோ எல்.இ.டி. விளக்குகள். மரங்கொத்தி முட்டை தூய வெள்ளை, மேலே மினுமினுப்பு வேறு. முழு வெளிச்சத்தில் மூன்று முட்டையும் சேர்ந்து ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரியும். மூன்றா நான்கா என்று சண்டை போடலாம். வெளிச்சச் சக்கரத்தை மிகக் குறைந்த நிலையில் வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் காகித ஒட்டுப்பட்டையை வளையமாக வெட்டி விளக்குகளின் மேல் மட்டும் ஒட்டினால் ஒளி பரவலாகி முட்டையின் விளிம்பு தெளியும். லென்சின் மேல் ஒட்டு படக்கூடாது. மங்கிய ஒளி கண் திறந்த குஞ்சுகளுக்கும் நல்லது.

கேபிளை வாசலுக்குள் விட்டுக் கீழே திருப்ப வளைவு தேவை. கூட வரும் கேபிள் விறைப்பானது என்றாலும் வெயிலில் தளர்ந்து தொங்கும். 3 மி.மீ. அலுமினியக் கம்பியைக் கேபிளோடு சேர்த்து, முனையிலிருந்து தொடங்கித் துணிப் பட்டையால் சுற்றுங்கள். முதலில் கிடைமட்டமாக ஒரு சாண் நீளம், பிறகு செங்குத்தாகக் கீழே. திருப்பம் கூர்மையாக இல்லாமல் வட்டமாக இருக்கட்டும். கம்பியின் நுனி எந்த இடத்திலும் வெளியே நீட்டக்கூடாது. கேமரா முனையின் உலோக விளிம்பை ரப்பர் பட்டையால் மூடிவிடுங்கள். பிறந்த குஞ்சுக்கு உடலில் ஒரு தூவி கிடையாது, தோல் அத்தனை மென்மை. முனை உருண்டை என்பதால் படத்தில் மேல் எது, கீழ் எது என்று புரியாது. மேல்பக்கம் ஒரு பொட்டு பெயின்ட் வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

இனி கழி. தேங்காய் பறிக்கும் நீட்டிப்பு அலுமினியக் கழி எல்லா ஊரிலும் கிடைக்கிறது, எடையும் குறைவு. ஆனால் அலுமினியம் மின்சாரம் கடத்தும். தென்னந்தோப்புகளில் பம்ப்செட்டுக்குப் போகும் கம்பிகள் கீற்றுகளுக்கு இடையே மறைந்திருக்கும். ஃபைபர் கிளாஸ் கழியை வாங்குங்கள். அப்போதும் மின்கம்பி அருகில் உள்ள மரத்தை விட்டுவிடுங்கள். ஆறு மீட்டருக்கு மேல் நீட்டினால் நுனி ஆடத் தொடங்கும், காற்று இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நுனிக்குக் கீழே கவட்டை மாதிரி ஒரு தாங்கியைப் பொருத்தி ஸ்பாஞ்ச் சுற்றிவிட்டால், அதை மரத்தில் சாய்த்து ஆட்டத்தை நிறுத்தலாம். தலை ஒடிந்த பட்டுத் தென்னைக்கு மட்டும் இது பொருந்தாது. உள்ளே மக்கி, தோல் மட்டும் நிற்கும் மரம் அது. கழியை அழுத்திச் சாய்ப்பதும் ஏணி வைப்பதும் கூடவே கூடாது. மரங்கொத்திக்கு அத்தகைய மரம்தான் அதிகம் பிடிக்கும் என்பதால் இந்த எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். கழிக்கு எட்டாத உயரத்தில் பொந்து இருந்தால் அங்கே கேமரா வேலை இல்லை என்று விட்டுவிடுவதே முறை.

தோப்புக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒத்திகை வேண்டும். ஆறு அங்குல பி.வி.சி. குழாயில் ஓரடித் துண்டு, அடியில் மூடி, மேல்பக்கம் ஓரத்தில் மூன்று அங்குலத் துளை. உள்ளே மரத்தூள் போட்டு, சிறிய எலுமிச்சம்பழங்கள் மூன்றை வையுங்கள். குழாயை மாடி விளிம்பில் கட்டி, கீழே நின்று கழியால் பழத்தைத் தொடாமல் எண்ணிவிட்டு முனையை வெளியே எடுக்க ஒரு நிமிடத்துக்குள் முடிகிறதா என்று பாருங்கள். அது கைவராமல் மரத்தடிக்குப் போகாதீர்கள்.

கருவி தயாரானதும் அதை எப்போது மேலே ஏற்றுவது என்பதைத் தீர்மானிப்பது கண்ணும் குறிப்பேடும்தான். பொன்முதுகு மரங்கொத்தியின் இனப்பெருக்கக் காலம் பிப்ரவரி முதல் ஜூலை வரை. மரத்தடியில் புதிய சிராய்கள் குவிந்திருந்தால் பொந்து இன்னும் வெட்டப்படுகிறது என்று பொருள்; அப்போது கேமராவுக்கு உள்ளே ஒன்றும் இல்லை, பறவை இடத்தைக் கைவிடும் அபாயம் மட்டும் உண்டு. சிராய் விழுவது நின்று, ஒன்று வெளியே வந்ததும் மற்றது உள்ளே போய் நெடுநேரம் தங்கினால் அடைகாப்பு தொடங்கிவிட்டது. வழக்கமாக மூன்று முட்டை. சுமார் 11 நாளில் பொரிக்கும், பொரித்து ஏறத்தாழ 20 நாளில் குஞ்சு வெளியேறும். மொத்தமே ஒரு மாதம்தான் என்பதால் கேமராவை அடிக்கடி ஏற்றுவதில் பயனில்லை. அடைகாப்பின் பாதியில் ஒரு முறை, பொரித்த சில நாளில் ஒரு முறை, பதினைந்தாம் நாளுக்கு முன் ஒரு முறை. அதன் பிறகு நிறுத்திவிட வேண்டும். இறக்கை முளைத்த குஞ்சு மிரண்டால் பறக்கத் தெரியாமலே வாசலிலிருந்து குதித்துவிடும். வாசலில் தலை நீட்டி இரைகேட்கத் தொடங்கிய குஞ்சுகளை எண்ணக் கேமரா எதற்கு, கீழிருந்தே எண்ணலாம்.

அதிகாலை, மழை, மாலை மங்கும் நேரம் மூன்றும் வேண்டாம். இருவர் தேவை: ஒருவர் கழியில், மற்றவர் தொலைநோக்கியோடு தள்ளி நின்று பெற்றோர் வரவைச் சொல்ல. பெரிய பறவை உள்ளே இருக்கும்போது முனையை விடவே கூடாது. அது தானாக வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும், மரத்தைத் தட்டி விரட்டுவது முட்டையை உடைக்கும் வழி. காத்திருக்கும் அந்த நேரத்தில் பொந்தில் தேனீ நடமாட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மரங்கொத்திப் பொந்துகளில் இந்தியத் தேனீ குடியேறுவது உண்டு. பதிவு முடிந்ததும் முப்பது நாற்பது மீட்டர் விலகி, ஒரு பெற்றோராவது உள்ளே போவதைக் கண்ட பிறகே இடத்தை விட்டு நகர வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் திரும்பவில்லை என்றால் அந்தக் கூட்டுக்கு இனிக் கேமரா கிடையாது.

படத்தைப் படிக்கவும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். மரங்கொத்தி கூட்டுக்குள் புல்லோ பஞ்சோ வைக்காது. வெட்டிய சிராயின் மேலேயே முட்டையிடும். முட்டை நீள்வடிவம். அதே பொந்தில் வெள்ளை முட்டைகள் உருண்டையாக இருந்தால் பச்சைக்கிளியோ புள்ளி ஆந்தையோ குடியேறியிருக்கலாம். நீல முட்டையும் புல், கந்தல், பிளாஸ்டிக் குப்பையும் என்றால் மைனா. வேரும் புல்லும் மெத்தையாகக் கிடந்து, இளம் பச்சை முட்டையில் பழுப்புத் தெறிப்பு இருந்தால் குண்டுகரிச்சான். பொரித்த மரங்கொத்திக் குஞ்சு குருடு, நிர்வாணம். கீழலகு மேலலகைவிடச் சற்று நீண்டிருக்கும், வாயோரத்தில் வெளிறிய தடிப்பு, குதிகாலில் கரடுமுரடான திண்டு. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று கழுத்தைப் போட்டுக் கிடப்பதால் ஒரே படத்தில் எண்ணினால் தவறும். பத்து விநாடிக் காணொளி எடுத்து, அலகுகளை எண்ணுங்கள், உடல்களை அல்ல. பல செயலிகளில் பதிவில் தேதி விழாது. எடுக்கும்போதே மரத்தின் குறியையும் நேரத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே கைபேசித் திரையைப் பதிவு செய்தால் பின்னால் குழப்பமில்லை.

இந்தக் கருவி எடுபடாத கூடும் ஒன்று இருக்கிறது. செம்பழுப்பு மரங்கொத்தி, மரக்கிளையில் கிரிமடோகாஸ்டர் எறும்புகள் கட்டிய உருண்டைக் கூட்டைக் குடைந்து அதற்குள் முட்டையிடும். அந்தச் சுவர் மெல்லிய அட்டை போன்றது. முனை பட்டாலே உதிரும், எறும்பு நொடியில் லென்சை மூடிவிடும். அதைத் தள்ளி நின்று மட்டுமே பாருங்கள்.

மரங்கொத்திகளின் குடும்ப வாழ்க்கையைப் பதிவு செய்ய இந்தக் கேமரா போதுமா என்றும் பலர் கேட்கிறார்கள். எந்த இனம் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவின் ஹேஸ்டிங்ஸ் காப்பகத்தில் 1968 முதல் ஆராயப்படும் ஏகார்ன் மரங்கொத்திகள் கூட்டாகக் குடும்பம் நடத்துபவை. ஒரே பொந்தில் இரண்டு பெட்டைகள் முட்டையிடுவதும் உண்டு. முந்தி இட்டவளின் முட்டையை மற்றவள் வெளியே எடுத்துப்போட்டு அழித்துவிடுவாள், இருவரும் ஒரே சமயத்தில் இடத் தொடங்கும்வரை இது நடக்கும். உள்ளே எண்ணாமல் இதைத் தெரிந்துகொள்ளவே வழியில்லை. அமெரிக்காவின் தென்கிழக்குப் பைன் காடுகளில் வாழும் ரெட்-காக்கேடட் மரங்கொத்தியும் அப்படித்தான். 1970-ல் அழியும் இனப் பட்டியலில் ஏறி, 2024-ல் அதைவிட ஆபத்துக் குறைந்த பட்டியலுக்கு மாற்றப்பட்ட பறவை அது. ஒரு குழுவில் ஒரு சோடியே முட்டையிட, பெரும்பாலும் அதன் மகன்கள் அடைகாக்கவும் இரையூட்டவும் உதவும். உயிருள்ள பைனில் பொந்து உயரத்தில் இருப்பதால் அங்கே நீண்ட கழியில் பொருத்திய, இதற்கென்றே செய்த பொந்துக் கேமராக்களைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் விலை நம் எண்டோஸ்கோப்பைவிடப் பல மடங்கு.

நம் பொன்முதுகு மரங்கொத்தி சோடியாக வாழ்வது. இங்கே யார் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு விடை வாசலுக்கு வெளியேதான். ஆணுக்கு உச்சந்தலை முழுதும் சிவப்பு. பெட்டைக்கு முன் உச்சி கறுப்பில் வெண்புள்ளி, பின்புறம் மட்டும் சிவப்பு. எட்டு மடங்கு தொலைநோக்கி இருந்தால் ஒவ்வொரு மாற்றத்தையும் ஆண், பெண், நேரம் என்று எழுதிவிடலாம். அந்தி சாயும்போது எந்தப் பறவை எந்தப் பொந்தில் அடைகிறது என்று பாருங்கள். மரங்கொத்திகளில் இரவு அடைகாப்பது பெரும்பாலும் ஆணே, பெட்டை வேறு பொந்துக்குப் போகும். இலங்கையில் தொலைநோக்கிக்கு இன்னொரு பயனும் உண்டு. யாழ்ப்பாணப் பக்கம் பொன்முதுகு, தெற்கே அந்தத் தீவுக்கே உரிய செம்முதுகு, இடைப்பட்ட பகுதியில் இரண்டின் கலப்பு. சோடியில் இரு பறவைகளின் முதுகு நிறத்தையும் தனித்தனியே எழுதினால் அது மதிப்புள்ள பதிவு. பொந்துக் கேமராவில் அது தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் துடுப்புவால் கரிச்சானோடு சேர்ந்து கலப்புக் கூட்டமாக இரைதேடும் பெரிய பொன்முதுகு மரங்கொத்திகளைப் பின்தொடரவும் தொலைநோக்கியே துணை. ஆகவே கையில் ஒரு தொலைநோக்கியும் இல்லாதவர் இந்தக் கேமராவில் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற சொல்லின் விளக்கத்துக்குள் வைத்திருக்கிறது. கூடு உங்கள் சொந்தத் தோப்பில் இருப்பதால் அது மாறிவிடாது. முறையான ஆய்வுக்கு வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பொழுதுபோக்குக்காகவும் சமூக ஊடகப் படத்துக்காகவும் வாங்க நினைப்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. பதிவுகளைப் பகிரும்போது இடக்குறிப்பை நீக்குங்கள். கிளிக்குஞ்சு பிடிப்பவர்களுக்கு மரங்கொத்திப் பொந்து எங்கே இருக்கிறது என்பது பயனுள்ள செய்தி.

வாங்கியவர்கள், திருப்பிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சுவரில் ஒட்டி, முனையை 5, 10, 20, 30 செ.மீ. தூரத்தில் பிடித்துப் படமெடுங்கள். 20-லும் எழுத்து படிக்க வருகிறதா? பிறகு விளக்கைக் குறைந்த ஒளியில் எரியவிட்டு, வைஃபை பெட்டியை மாடியில் வைத்துவிட்டுக் கீழே முற்றத்தில் நின்று பாருங்கள். அரை மணி நேரம் படம் அறுபடாமல் வந்து, பெட்டி தொடமுடியாத அளவு சூடாகாமல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று தவறினாலும் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.